கன்னி மூலைக் கம்பம்

காற்று திரும்பிவிட்டது. இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, கொடியில் கிடந்த என் வேட்டி பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. ஆனி பிறந்துவிட்டதா என்று அதற்கு மேல் காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய மொட்டைமாடிச் சாவியை எடுத்தேன். நெட்வொர்க் கேபிளின் நீல ஒயரை முறுக்கி நீர் கட்டிய வளையம் இன்னும் அதில் இருக்கிறது. என்னை விட்டுவிட்டு நீர் போனபிறகு இது மூன்றாவது ஆனி, வே. மூன்றிலும் உம்மைத் திட்டிக்கொண்டேதான் அந்தக் கட்டடத்துப் படி ஏறியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் அந்த நான்கு மாடி வணிகக் கட்டடம்தான் நாம் கூட்டாக நடத்திய தொழிலில் வந்த பெரிய வேலை. கீழே துணிக்கடை, மேலே ரத்தப் பரிசோதனைக் கூடம், பயிற்சி மையம், ஆடிட்டர் ஆபீஸ். ரோட்டைத் தோண்டிக் கேபிள் கொண்டுவர அனுமதி இல்லை. ஆற்றுக்கு வடக்கே நிற்கும் டவரிலிருந்து மொட்டைமாடியில் ஒரு டிஷ் வைத்து பிராட்பேண்டை வாங்கி, ஒவ்வொரு மாடிக்கும் வைஃபை கொடுப்பது என்று நீர் திட்டம் போட்டீர். எது செங்கல் சுவர், எது கான்கிரீட் என்று தட்டித் தட்டிப் பார்த்து, சிக்னல் எங்கே செத்துப்போகும் என்று பென்சிலால் குறித்தீர். டிஷ்ஷுக்கு வடகிழக்கு மூலைதான் சரி என்றீர். அங்கிருந்து டவர் வரைக்கும் ஒரு மறைப்பும் கிடையாது.

கட்டடத்துக்காரர் அண்ணாச்சி அந்த இடத்தில் மறித்தார். "ஈசானி மூலையில கனம் ஏத்தப்படாது வே. கன்னி மூலையில எவ்வளவு உசரம் வேணும்னாலும் வச்சிக்கிடும்."

கன்னி மூலை என்றால் தென்மேற்கு. தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான், டிஷ்ஷை மாட்டும் கம்பத்துக்கு நேர் முன்னால். நீர் உம் மகனுக்குக் காது குத்தத் திருச்செந்தூர் போயிருந்த நாளில் நான் தனியாகச் சோதித்தேன். சிக்னல் அருமையாக வந்தது. உமக்குப் போன் செய்து பெருமையடித்தேன்.

"தொட்டி மறைக்கலியா வே?" என்று கேட்டீர்.

"மறைச்சா சிக்னல் வருமா?" என்று சிரித்தேன்.

நான் சாய்ந்துகொண்டு பேசியது அந்தப் பிளாஸ்டிக் தொட்டியில்தான். காலித் தொட்டி, என் முதுகுக்கு ஆடியது. கட்டடம் திறக்கும் பால்காய்ப்பு அன்று நல்ல நேரத்தில் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அதை நிரப்புவது என்று அண்ணாச்சி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

பால்காய்ப்பு அன்று குடத்துத் தண்ணீரை ஊற்றி மோட்டாரைப் போட்டார்கள். வெறும் பிளாஸ்டிக்கைத் தாண்டி வந்த சிக்னலால் தண்ணீரைத் தாண்ட முடியவில்லை. தொட்டி நிரம்ப நிரம்ப நெட் படுத்தது. வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு முடிப்பதற்குள் கட்டடம் முழுக்க ஒன்றுமில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நீர் முன்னால் போய் நின்றீர்.

"நான்தான் அண்ணாச்சி சோதிச்சேன். தொட்டி காலின்னு பாக்காம விட்டுட்டேன். கம்பத்தை உசத்திக் கெட்டிருதோம். காத்துக்கு ஆடத்தான் செய்யும். ஆடுனா நாங்களே வந்து திருப்பி வச்சிருதோம், கடைசி வரைக்கும்."

கடைசி வரைக்கும் என்று நீர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு, ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்துப் போய்ச் சேர்ந்தீர். மாட்டிக்கொண்டவன் நான். ஆனியும் ஆடியும் ஊரை விட்டு நகர முடியாது. டிஷ் ஒரு விரல்கடை திரும்பினாலும் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வரும். மகள் கோயம்புத்தூருக்கே வந்துவிடச் சொல்கிறாள். ஏணியில் ஏறினால் எனக்குத் தலை சுற்றுகிறது. வேறு ஆளைப் பாருங்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்ல வாயெடுப்பேன். என் தப்புக்கு நீர் கொடுத்த வாக்கல்லவா என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். உம்மேல் எனக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு வெட்கம்.

இன்று டிஷ்ஷைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கி, நேரே அண்ணாச்சி அறைக்குப் போனேன். "அண்ணாச்சி, அன்னைக்குச் சோதிச்சது அவரில்ல, நான்தான்" என்றேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும் வே. அன்னைக்கு அவரு திருச்செந்தூர்லல்லா இருந்தாரு. மறுநா எனக்கு இலை விபூதி கொண்டாந்து தந்தாரே. உமக்காகத்தான் சொல்லுதாருன்னு விட்டுட்டேன்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவரே சொன்னார். "உமக்கு முடியலைன்னா சாவியை அங்கன வச்சிட்டுப் போம். நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

மூன்று வருஷமாக நான் ஏங்கியது அதற்குத்தான். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

"அந்த ஒயரை மட்டும் கழத்தி எடுத்துக்கிடும். அவரு கெட்டுனதுல்லா" என்றார்.

திரும்பி வந்து கழற்றப் பார்த்தேன். நீர் முறுக்கிய முறுக்கு, வே, நகம்தான் வலித்தது. என் பையில் கட்டிங் பிளேயர் இருந்தது. அண்ணாச்சியும் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை எடுக்கவில்லை.

"ஆடியில ஒருக்கா வந்து பாக்குதேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, ஒயரும் சாவியுமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மகளுக்கு என்ன சொல்வது என்று நீர்தான் சொல்ல வேண்டும்.