அப்பா நத்தைகளைத் தூங்க வைத்துவிட்டார்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிற மாதிரியே தொடங்குகிறேன், எனக்கு வேறு மாதிரி கடிதம் எழுதத் தெரியாது. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியதுதான். இது மட்டும் அவளுக்குத் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவின் ஆய்வகம் வழியாக அனுப்பினால் பிரித்துப் படிப்பார்கள் என்பதால், பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள தபால் பெட்டியில் போடுவேன்.

அப்பாவுக்கு நாட்டை விட்டு, உன் ஊரில் நடக்கும் நத்தை மாநாட்டுக்கு வர அனுமதி கிடைத்துவிட்டது. அதிகாரி, அங்க போய் நத்தையைப் பத்தி என்னதான் சொல்லப் போறீங்க என்று கேட்டாராம். ஆட்டு ஈரலில் வரும் புழு நத்தை மூலம் பரவுவதை அப்பா விளக்க ஆரம்பித்ததும் கொட்டாவி விட்டு, இதைத் தபால்ல அனுப்பக் கூடாதா என்றாராம். அனுப்பினேன் சார், நீங்கதான் திருப்பி அனுப்பிட்டீங்க என்றாராம் அப்பா. உடனே அதிகாரி முத்திரை குத்திவிட்டார்.

ஆனால் போகிறவர் திரும்பி வருவார் என்று வீட்டில் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், உனக்குத் தெரியாததில்லை. நீ படிக்கப் போனபோது அம்மா போட்டாள். நீ வரவில்லை என்றானதும் நூலகத்தில் அவள் வேலை போயிற்று, அவள் கையெழுத்தும் இனிச் செல்லாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அம்மா இப்போது துணி தைக்கிறாள், கை நன்றாகவே படிந்திருக்கிறது. எனக்கும் கையெழுத்துப் போடும் வயசாகிவிட்டதால் நாளைக் காலையில் நான் போட வேண்டும். நீ போன பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு மாமா வந்தார், தவளைகளை ஆராய்பவர், தவளை மாமா என்போம். போன வருஷம் மாநாட்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கையெழுத்துப் போட்ட அவர் மனைவியை ஒரே சாயங்காலத்தில் வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள், அவர்கள் மகளைப் பள்ளியிலிருந்தும் நீக்கினார்கள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். இப்போது பெஞ்சில் எனக்கு இடம் தாராளம்.

மாநாடு ஒரு வாரம்தான். அப்பா ஒரு வாரம் வெளியூர் போனால் பின்னறை ஜாடிகளில் அவர் வளர்க்கும் நத்தைகளுக்கு நான்தான் கீரை போடுவேன். மாதக்கணக்கில் போவதாக இருந்தால்தான் ஜாடிகளைக் காய விடுவார். ஈரம் போனதும் நத்தைகள் ஓட்டின் வாயைச் சவ்வால் மூடிக்கொண்டு தூங்கிவிடும், தண்ணீர் தெளித்தால்தான் எழுந்திருக்கும். பரீட்சைப் படிப்பில் நான் பின்னறைப் பக்கம் போயே கொஞ்ச நாளாகிறது. இன்று சாயங்காலம் கீரையோடு போனேன். எல்லா ஜாடியும் காய்ந்து கிடந்தது. ஒன்றுவிடாமல் வாயை மூடியிருந்தன. அப்பாவுக்குப் பொய் சொல்ல வரும், நத்தையைப் பட்டினி போட வராது. சாப்பிடும்போது, ஏன்டி ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டார். பரீட்சை என்றேன். நீ நல்லா எழுதிடுவே என்றார், என் தட்டைப் பார்த்துக்கொண்டே.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். போடாவிட்டால் அவர் கண்டுபிடித்ததை நத்தைகளும் நானும் மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம். அங்கேயே தங்கிவிடுவதைப் பற்றி அப்பா பேச்செடுத்தால் நீ இரு என்றும் சொல்லாதே, போ என்றும் சொல்லாதே. இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு, போதும். குளிரில் அவருக்குக் காது வலிக்கும், மப்ளர் கட்டச் சொல். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

இதை எழுத உட்காரும் முன் எல்லா ஜாடிகளிலும் தண்ணீர் தெளித்துவிட்டேன். இப்போது போய்ப் பார்த்தேன், சிலது கொம்பு நீட்டிவிட்டன. காலையில் அப்பாவும் பார்ப்பார். ஒரு வாரம் நான் கீரை போடுகிறேன், அதற்குமேல் எனக்குப் பரீட்சை இருக்கிறது என்று அவரிடம் சொல்லப் போகிறேன்.

ஆசீர்வாதம் சொல்லும் வயசு எனக்கில்லை, அம்மாவுடையதை எடுத்து எழுதுகிறேன்: நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. வீட்டு விலாசத்துக்குப் பதில் போடாதே.

உன் தங்கை,
சின்னவள்