துணிக்கொடி கட்டிய கம்பி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? தைலத்தை அம்மாவிடம் தேய்த்துவிடச் சொல்லுங்கள், சும்மா சமாளிக்காதீர்கள். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே எங்கள் வேலை, கரையில் நட்ட இரும்புக் கம்பியிலிருந்து அலை ஏறும் இடம்வரை அளப்பது. கடல் நெருங்கிய வீடுகளுக்கு வரைபடத்தில் சிவப்பு. அவற்றுக்குத்தான் தடுப்புச் சுவர் கிடைக்கும்; மற்றவற்றுக்குப் பச்சை. டீக்கடை அக்கா வீட்டுப் பின்னால் போன வருடம் முப்பது அடி, இந்த வருடமும் முப்பது.

"கடல் அசையவேயில்ல, பச்சை போட்டுடும்மா" என்றார் மேலதிகாரி. போட்டுவிட்டேன். மறுநாள் டீ குடிக்கப் போனபோதுதான் கம்பியில் துணிக்கொடி கட்டியிருந்ததைப் பார்த்தேன்.

"அக்கா, இந்தக் கம்பி இங்கதான் இருந்துச்சா?"

"அலை வந்து துணியெல்லாம் நனைச்சுது கண்ணு. புடுங்கி உள்ள தள்ளி நட்டேன். ஏன், அது உங்களோடதா?"

பழைய குறிப்பேட்டில் வீட்டுச் சுவருக்கும் கம்பிக்கும் இருபது அடி. இப்போது எட்டுதான். அப்படியானால் கடல் பன்னிரண்டு அடி உள்ளே வந்திருக்கிறது.

அன்று கூட்டத்தில் வரைபடத்தில் கையெழுத்துப் போடப் போனார்கள். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளியும் நான் எழுந்து, "சார், அந்தப் பச்சை தப்பு" என்றேன்.

"அளந்ததே நீதானேம்மா!" என்றார் மேலதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. முழுக்கச் சொன்னேன். சிவப்பாக மாற்றினார்கள்.

உப்புத் தண்ணீரில் செருப்பு அறுந்துவிட்டது. வீட்டிலிருக்கும் ரப்பர் செருப்பை அனுப்புங்கள்.

அறையில் இதையெல்லாம் சொல்ல ஆளில்லை அப்பா. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, இந்தக் கடிதம் வராத மாதிரி, "இந்த வாரம் என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜீப் வந்துவிட்டது.

உங்கள் மகள்