உன் சொம்புக்குள் இறங்கிய மெஷின்

அக்கா,

மருமகள் இன்று சூப் வைத்தாள். நெஞ்செலும்பும் மிளகும் பூண்டும் சேர்ந்து வேகிற வாசனை கூடம் வரைக்கும் வந்தது. உடனே எனக்குக் கோபம் வந்தது. பசி வரவேண்டிய இடத்தில் கோபம் வருகிறதே என்று நீ சிரிப்பாய். நீ போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கோபத்தை நான் இன்னும் ஆறவிடவில்லை, ஆறவிடவும் மாட்டேன்.

ஆம்பூரில் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் நாம். நீ மூத்தவள், நான் இளையவள். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று தெருவே காத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை நாம் யாருக்கும் கொடுக்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன் தொண்டைப் புற்றுக்கு ஆபரேஷன் செய்து, அப்புறம் கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர் வைத்தியமும் கொடுத்து அனுப்பினார்கள். சோறு இறங்கவில்லை, இட்லி இறங்கவில்லை. கஞ்சி இறங்கியது, ஆனால் அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உனக்கு வேண்டியது சூப். எலும்பும் காய்கறியும் போட்டு, காரமாக. நான் அம்மியில் அரைத்தேன், மத்தால் கடைந்தேன், பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். எங்கேயோ ஒரு திப்பி மிஞ்சிவிடும். உனக்குப் புரையேறிக் கண்ணெல்லாம் சிவந்துபோகும். பாத்திரத்துக்குள்ளேயே விட்டு அரைக்கிற சின்னக் கை மெஷின் ஒன்று கடைக்கு வந்திருப்பதாக ஒரு நர்சம்மாதான் சொன்னாள்.

அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "வாங்குறதே வாங்குறோம், மிக்ஸியா வாங்கிடலாம். அண்ணிக்கு அப்பறம் வூட்டுக்கு ஆவும்ல?"

நீ உள்ளே படுத்திருந்தாய். நடுவில் ஒரு துணித் திரைதான். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என்னவர் கெட்ட மனசுக்காரர் இல்லை. புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்துத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிகிறது. நீ இருக்கும்போதே, நீ இல்லாத வீட்டுக்குச் சாமான் வாங்கப் பார்த்தார்கள். அந்த மிக்ஸியில் அரைக்கப்போவது யார்? நான்தானே. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் செக்கப்புக்கு நாம் இரண்டு பேர் மட்டும் பஸ் ஏறினோம். பீடி சுற்றிச் சேர்த்த காசை நீ இடுப்பில் முடிந்திருந்தாய். பையில் உன் சொம்பு இருந்தது. எதற்கு என்று கேட்டதற்குப் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாய்.

வேலூர் கடைக்காரர் மிக்ஸியைத்தான் முன்னால் தள்ளினார். "இது ஜாஸ்தி உழைக்கும்மா, மூணு ஜார். நீ கேக்குறது சின்ன சாமான். நாலு மாசம் தாங்கினா பெருசு."

"அப்ப நானும் அதுவும் ஜோடிதான். எடு, பாக்கலாம்" என்றாய், அந்தக் கரகரத்த குரலில்.

அவர் எடுத்து வைத்த மூன்றையும் தூக்கிப் பார்த்தாய். ஒன்று இரும்புக் கழுத்து வைத்தது, நல்ல கனம். ஆபரேஷனுக்குப் பிறகு உன் வலது தோள் சரியாக ஏறவில்லை, அதைக் கீழே வைத்துவிட்டாய். இன்னொன்றின் பட்டன் கட்டைவிரலின் முழுப் பலத்தையும் கேட்டது. மூன்றாவது வெள்ளை பிளாஸ்டிக், விலையும் மூன்றில் கம்மி. சொம்பை வெளியே எடுத்து அதற்குள் விட்டுப் பார்த்தாய். அடி வரைக்கும் இறங்கியது. பிளக்கில் மாட்டியதும் விர்ரென்று சுற்றியது.

"வூட்டுல நாலு பேர் இருப்பீங்களே, இவ்ளோ சின்னது இன்னாத்துக்கு?" என்றார் கடைக்காரர்.

"இருக்காங்க. இது எனக்கு."

அங்கேயே உன்னைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. கடையாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், மெஷின் முனகியது. கத்தி அசையவே இல்லை. "சொன்னா கேட்டாதானே? இப்ப இன்னா பண்ணுவீங்க?" என்றார் என்னவர். மறுநாளும் அதே முனகல். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். நீ விடவில்லை. போகிற வருகிற நேரமெல்லாம் பட்டனை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகத் தோல் பதனிடும் ஷாப்புகள் நின்றன. தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய மர டிரம்கள் ஓய்ந்ததும் தெரு அமைதியானது. நம் சமையல்கட்டில் அதுவரை மஞ்சளாக அழுது வடிந்துகொண்டிருந்த பல்பு சட்டென்று வெள்ளையாக எரிந்தது. நீதான் பார்த்தாய். "ஏய், பல்பைப் பார்டீ! கரண்ட்டு முழுசா வருது. சூப்பை எடு!"

டிரம் ஓடினால் கரண்ட் இறங்கிவிடும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். டியூப்லைட் எரியாதபோது தினமும் திட்டுவோம். மெஷின் முனகியதும் அதனால்தான் என்று நம் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை பார்.

சொம்புக்குள் விட்டு அழுத்தினாய், சுற்றியது. சந்தோஷத்தில் ஓடும்போதே மேலே தூக்கிவிட்டாய். கேரட்டும் தக்காளியும் சுவரிலும் என் முகத்திலும் தெறித்தன. சிரித்தால் உனக்குத் தொண்டை வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தாய். பிறகு ஒரு டம்ளர் முழுக்க, ஒரு இருமல்கூட இல்லாமல் குடித்தாய். காலி டம்ளரைக் கொண்டுபோய் என்னவர் முன்னால் வைத்தாய்.

"தம்பி, சாவுற வரிக்கும் நான் உசுரோடதான் இருப்பேன்."

அவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் டிரம்கள் ஓடத் தொடங்கும் முன் விடியற்காலையிலும், வெள்ளிக்கிழமை மதியத்திலும் உன் சூப் தயாரானது. மெஷினை நீ யாரையும் தொடவிட்டதில்லை, என்னையும்தான். கடைக்காரர் சொன்ன நாலு மாதம் போனது. தீபாவளி போனது, அடுத்த தீபாவளியும் போனது. அப்புறம்தான் நீ போனாய், அதுவும் உன் இஷ்டத்துக்கு, காலை சூப்பைக் குடித்து முடித்துவிட்டு. அன்று நான் அழுத அழுகையைத் தெரு இன்னும் சொல்கிறது.

பிறகு மிக்ஸி வந்தது. வராமல் இருக்குமா? நான் தொடவில்லை. சட்னிக்கு அம்மி, மாவுக்கு ஆட்டுக்கல் என்று இருந்துவிட்டேன். "பேஜார் பண்ணாதடீ" என்று என்னவர் கத்தினார். வேண்டுமானால் நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நாளில் அவரே அரைக்கக் கற்றுக்கொண்டார்.

இப்போது எனக்குக் காது மந்தம், அக்கா. போன மாதம் மகன் காது மெஷின் வாங்கக் கூட்டிப்போனான். "வயசானவங்கதானே, பொதுவா ஒண்ணு காட்டுங்க, போதும்" என்றான். கடையில் இருந்த பெண், காதில் பசை மாதிரி ஒன்றை வைத்து அச்சு எடுத்துச் செய்வதும் உண்டு என்றாள். என் காதருகே குனிந்து உரக்கவே சொன்னாள்: "ஆனா அது உங்க காதுக்கு மட்டுந்தாம்மா சேரும். பின்னாடி வேற யாருக்கும் ஆவாது."

முந்தானையை ஒதுக்கிக் காதைக் காட்டினேன்.

"அதையே செய்" என்றேன்.