மின்சாரம் இல்லாத புதன்கிழமை

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பேட்டரிப் பெட்டி வந்தது. ஒரு கையால் தூக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். தூக்கினேன், தோள்பட்டை போய்விட்டது.

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வருகிறது. அன்றைக்குப் பத்திரம் எழுத வருகிறவர்கள் ஜெனரேட்டர் இருக்கும் கடைக்குப் போய்விடுகிறார்கள். சாரங்கபாணி சாரிடம் வருஷக்கணக்காக டைப் அடித்துவிட்டு, சண்டை போட்டுக்கொண்டு வந்து, அவர் கடைக்கு எதிரிலேயே சொந்தக் கடை போட்டவள் நான். இந்த மன்னார்குடியில் தலை குனிய முடியுமா?

லேசர் பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தேன். வந்தது. இனி யார் தயவும் வேண்டாம்.

செப்டம்பர் 1, திங்கள்

கண்ணுசாமி என்பவர் மகள் மேகலாவோடு வந்தார். குடியிருக்கும் வீட்டை மகள் பேருக்கு எழுதி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் அவருக்கு இதய ஆபரேஷன்.

"வயலை ரெண்டு பயலுகளுக்கும் பிரிச்சுக் கொடுத்தாச்சு. எனக்கு ஒண்ணு ஆயிட்டா இவளைத் தெருவுல நிறுத்திடுவானுங்க" என்று மகள் எதிரிலேயே சொன்னார். புருஷன் இறந்த பிறகு மேகலா அப்பாவோடுதான் இருக்கிறாள். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் கிடைத்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாளைக்குத்தான் இந்த மாத மின்தடையாம். இன்றே அடித்து வைக்கிறேன் என்று கண்ணுசாமிக்குப் போன் போட்டேன்.

"செவ்வாய்க்கிழமை போய் யாராச்சும் பத்திரம் அடிப்பாங்களாம்மா? நாளைக்கு ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். எல்லாத்தையும் அதுக்குள்ள ஆரம்பிச்சிடுங்க."

சரி. பெட்டி பின்னே எதற்கு இருக்கிறது?

செப்டம்பர் 3, புதன்

 

ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். கண்ணுசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. டேபிள் ஃபேனைப் பெட்டியில் மாட்டினேன். முத்திரைத்தாளின் ஓரத்தில் மேகலா மஞ்சள் தடவிக் கொடுத்தாள். நல்ல நேரத்துக்குள் எல்லாம் தொடங்க வேண்டுமே — பிரிண்டரையும் ஜெராக்ஸ் மிஷினையும் ஒன்றாகப் போட்டேன். ஆதார் நகலும் அதே நேரத்தில் வந்துவிடட்டும் என்று. இரண்டும் சேர்ந்து சூடேறின. பெட்டி கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. முத்திரைத்தாள் பாதி உள்ளே, பாதி வெளியே.

அவசரத்தில் இழுத்தேன். கிழிந்தது. மீதி உள்ளே உருளையில் சுற்றிக்கொண்டது. மெக்கானிக் வந்து பிரித்தால்தான் உண்டு.

கண்ணுசாமி எழுந்துவிட்டார். "சகுனம் சரியில்லம்மா. ஆபரேஷன் முடிஞ்சு வந்து பாப்போம்."

மேகலா, "வாங்கப்பா, போலாம்" என்றாள். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கமாட்டாளா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. ரெண்டு மிஷினை ஒண்ணா போட்டா இந்தப் பெட்டி தாங்காதுன்னு எனக்குத் தெரியல. அது என் முட்டாள்தனம். நான் பண்ணின தப்புக்கு உங்க பொண்ணு வீட்டை விடணுமா?" என்று கத்திவிட்டேன். வாசலில் நாலு பேர் நின்று கேட்டார்கள். கேட்கட்டும்.

அவர் மகளைப் பார்த்தார்.  பிறகு உட்கார்ந்து, "ராகுகாலம் பன்னெண்டுக்குத்தானே?" என்றார்.

கூடுதலாக ஒரு முத்திரைத்தாள் வாங்கி வைத்திருந்தேன். பிரிண்டருக்கு எங்கே போவது? எதிர்க்கடையில் சாரங்கபாணி சார் கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருப்பது மை ஊற்றுகிற பழைய இங்க்ஜெட். அதற்குச் சூடேற்ற வேண்டியதே இல்லை, ஒரு பல்பு அளவுதான் கரண்ட் தின்னும். அங்கே வேலை செய்தபோது 'ஆமை' என்று நான் திட்டியது அதைத்தான்.

பெட்டி சுமை தாங்காமல்தான் நின்றிருந்தது, பொத்தானை அழுத்தியதும் மறுபடி உயிர் வந்தது; லேப்டாப்போடு அதையும் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.  "சார், பிரிண்டர் வேணும்" என்றேன்.

"பெட்டி யாருது, உன்னுதா? முதல்ல என் ஃபேனைப் போடு, ஜெயபாரதி."

பக்கத்துக்குப் பக்கம் அது மூச்சு வாங்கியது. மை காயட்டும் என்று மேகலா ஒவ்வொரு தாளையும் முந்தானையால் விசிறினாள். சார் வரிவரியாகப் படித்து, வடக்கு எல்லையில் ஒரு பிழை கண்டுபிடித்தார். வலித்தது. திருத்தினேன். பதினொன்றுக்கு டோக்கன் கூப்பிடும்போது வாசலில் நின்றோம். பதிவாகிவிட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆபரேஷன் முடிந்ததாம். இன்னும் கண் திறக்கவில்லை என்று மேகலா போனில் சொன்னாள்.

செப்டம்பர் 8, திங்கள்

கண்ணுசாமி போய்விட்டார்.

கிழிந்த தாளை நினைக்கக் கூடாது. நினைக்கிறேன். நான் கத்தாமல் இருந்திருந்தால்? பத்திரத்தைத் தள்ளிப் போட்டிருப்பார், ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்க மாட்டார். இதைச் சொல்லிச் சொல்லித்தான் இன்று வேலை பார்த்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

வீட்டு வரியைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்று மேகலா வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரிய அண்ணன், "எப்ப காலி பண்ணப் போற?" என்று கேட்டானாம்.

"நீ என்ன சொன்னே?"

"அப்பா எழுதிக் கொடுத்ததைச் சொன்னேங்க. என் வீட்டுக்கு வந்திருக்கீங்க, ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுப் போங்கன்னேன்."

"சாப்பிட்டாங்களா?"

"பெரியவர் கொஞ்ச நேரம் நின்னுட்டே இருந்தாரு. அப்புறம் உக்காந்துட்டாரு. சின்னவர் ரெண்டாம் தரம் ரசம் கேட்டாருங்க."