றோமுக்கு அடித்த ஆணி

அத்தான்,

இன்று காலை உங்கள் றோம் நகரப் படத்தைக் கழற்றினேன். படம் மறைத்திருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் உங்கள் சுருட்டுப் புகை படிந்த மஞ்சள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் குரலும் கூடவே வந்துவிட்டது.

கனடாவில் இந்த லொங்குய்ய் வீட்டுக்கு யார் வந்தாலும், சப்பாத்தைக் கழற்றுமுன்பே அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் ஓவியர் றோமில் இருந்து மண்ணிற மையால் கீறியதன் அச்சுப்பிரதி. உடைந்த வளைவு, அதில் முளைத்த செடி. "இடிஞ்சும் என்ன எடுப்பா நிக்குது பாருங்கோ" என்பீர்கள். அந்த வளைவின் தூணில் கயிறு கட்டி ஒரு பெண் உடுப்புக் காயப்போடுவது உங்கள் கண்ணில் ஒருநாளும் பட்டதில்லை. எனக்கு முதல்நாளே பட்டது. வீடு இடிந்தாலும் உடுப்புத் தோய்க்கத்தானே வேண்டும்.

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் ஊர் போய்வந்த ஒருவர் எங்கள் வீட்டைப் படமெடுத்து வந்தார். கூரை இல்லை. ஷெல் விழுந்த அன்று அம்மா சமைத்துக்கொண்டு நின்ற குசினியில் ஒரு சுவர் மட்டும் மிச்சம். அம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லாததால், அதையே சட்டம் போட்டு ஹோலில் மாட்டினேன். நீங்கள் வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அதை இறக்கி, கீழே பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்கும் பேர்ணசுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்தீர்கள்.

"இடிஞ்ச வீட்டுப் படம் மாட்டினா இருக்கிற வீட்டுக்குக் கூடாது."

அப்படியென்றால் இது என்ன என்று றோமைக் காட்டினேன்.

"அது றோம். இது உங்கடை வீடு மட்டும்தானே."

அக்கா தேத்தண்ணியைக் கலக்கியபடி நின்றாள். அந்தக் குசினியில் செத்தது அவளுக்கும் அம்மாதான், ஆனாலும் கலக்கிய கோப்பையைப் புருஷனிடம் நீட்டினாள். இக்கரை மாட்டுக்கு அக்கரை பச்சை என்பார்கள். உங்களுக்கு அக்கரை இடிவும் பச்சையாக இருந்தது. அன்றைக்கே உங்களை மன்னிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். நீங்கள் கண்ணை மூடியபோதும் அதை மாற்றவில்லை. செத்தவரைக் குறை சொல்லக்கூடாதாம். நான் குறை சொல்ல வரவில்லை. பழி தீர்க்க வந்திருக்கிறேன்.

நாளை உங்கள் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. உங்கள் றோம் இப்போது பேர்ணசுக்குப் பின்னால், முகம் சுவர்ப்பக்கம். அதே ஆணியில் எங்கள் வீடு. அதற்கு நேரெதிரே, மாலையோடு உங்கள் படம். இனி உங்களுக்குப் பார்க்க வேறெதுவும் இல்லை.

அக்கா வந்து இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். கழற்றச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் உங்கள் மாலையைப் பிடித்துக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள்.

"பூ கண்ணை மறைக்குது," என்றாள். "பாக்கட்டும்."