இரண்டாவது கையெழுத்து

பேகம்பூர், திண்டுக்கல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி இனிகோவுக்கு,

சாகுல் அண்ணன் எழுதுவது. நீயும் சகாயராணியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. போனிலேயே சொல்லக்கூடாதா, இதென்ன காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். மூன்று தடவை போன் செய்தேன். நீ "சொல்லுங்கண்ணே" என்றதும் வெயில் எப்படி, கேண்டீன் சோறு எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

இங்கே வீட்டில் நான் ஒண்டியாகத்தான் இருக்கிறேன். உன் அண்ணி மெஹராஜ் பேரனைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். கடையில் பிரியாணி வாங்கிவந்து பாதியை ராத்திரிக்கு வைத்துக்கொள்கிறேன். இருபத்தாறு வருடம் வடக்கே விமானப் பயிற்சிப் பள்ளியில் ஸ்பானரோடு கிடந்தவனுக்கு இந்தத் தெருவில் யாரைத் தெரியும்? பள்ளிவாசலில் பார்ப்பவர்கள் லீவா பாய் என்கிறார்கள். பிரஷர் கூடிவிட்டது, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார் என்கிறேன். உன்னிடமும் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன்.

போன வாரம் நிலக்கோட்டைக்குப் போய் கீர்த்தனாவைப் பார்த்தேன். பைலட்டுக்குப் படிக்க வந்த இடத்தில் ஊர்க்காரர்கள் என்று நம்மோடு உட்கார்ந்து சோறு தின்ற பிள்ளை. தனியாக விமானம் ஓட்டிப்போய்க் கடுகு வயலில் விழுந்தவளைப் போய்ப் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்குமா? முதுகுக்குப் பட்டை கட்டிப் படுத்திருக்கிறாள். நடந்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அவள் அப்பா பழனிக்குமார் பூ பறித்த கையோடு தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். இறக்கத் தெரியாமல் இறக்கிவிட்டாள் என்று விசாரணையில் எழுதப்போகிறார்களாமே, அப்படி எழுதிவிட்டால் அவள் பைலட்டே ஆக முடியாதாமே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

கீர்த்தனா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா, நான் ஸ்டிக்க முழுசா இழுத்தேன். பிளேன் மூக்கு ஏறவே இல்ல. எம்மேலயா தப்பு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எதிர் வெயிலில் கண் கூசியிருக்கும், பதற்றத்தில் இழுத்த மாதிரி தோன்றியிருக்கும் என்றேன். அப்படித்தான் இருக்கும் மாமா என்று சொல்லிவிட்டது அந்தப் பிள்ளை. என் பேச்சை நம்பித் தன் கையையே சந்தேகப்பட்டுவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன், வெட்கங்கெட்டவன்.

இனிகோ, அவள் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது.

அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார். வாலில், மூக்கை ஏற்றி இறக்கும் கம்பியின் போல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். நட்டைக் கையால் திருகிவைத்தேன். அது கழன்றுவிடாமல் இருக்கக் குறுக்கே செருக வேண்டிய பின் என் சட்டைப் பையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து மெஹராஜ் போன் செய்தாள், பேரன் பிறந்திருக்கிறான் என்று. போட்டது போட்டபடி பேடா வாங்க ஓடினேன். வந்து எல்லாருக்கும் கொடுத்தேன். நீ வாயில் பேடாவை வைத்துக்கொண்டு முடிந்துவிட்டதா என்று கேட்டாய். முடிந்தது என்றேன். இரண்டாவது ஆள் தன் கண்ணால் பார்த்த பிறகே போட வேண்டிய கையெழுத்தை நீ போட்டாய். நானும் வேலை முடிந்த நினைப்பில், குனிந்துகூடப் பார்க்காமல் மூடியை வைத்துத் திருகிவிட்டேன்.

மூன்றாம் நாள் விமானம் விழுந்தது. அன்று சாயங்காலம் துவைக்க எடுத்த சட்டையில் அந்தப் பின் இருந்தது.

வால் நொறுங்கிக் கிடந்ததால், விழுந்த வேகத்தில் போல்ட் தெறித்திருக்கும் என்று விசாரிக்க வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உன்னிடம் கேட்டபோது, பின் இருந்தது, பார்த்தேன் என்றாய். பொய் சொல்கிறோம் என்று நினைத்து நீ சொல்லவில்லை. அண்ணன் போடாமல் இருப்பாரா என்ற நம்பிக்கையே உனக்குப் பார்த்ததற்குச் சமம்.

உன்னை அப்படி ஆக்கியதும் நான்தான். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் முடித்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தாய். "ஏலே, எனக்கே பரீட்சை வைக்கிறியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். அதற்குப் பிறகு நான் தொட்ட இடத்தில் நீ குனிந்ததே இல்லை. அதை மரியாதை என்று நினைத்து எட்டு வருடம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். எங்கள் ஊர்ப் பையன் பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறான் பாருங்கள் என்று மற்றவர்களிடம் பீற்றிக்கொண்டது வேறு. அந்த மரியாதைதான் ஒரு பிள்ளையைக் கீழே தள்ளியது.

விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி, பின்னையும் உள்ளே வைத்து, நேற்றே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் நிலக்கோட்டை போய் கீர்த்தனாவிடமும் நேரில் சொல்லப்போகிறேன். பழனிக்குமார் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

இருபதாம் தேதி உன்னை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். நீ பார்த்தேன் என்றே நின்றால், ஊர்க்காரப் பெண்ணைக் காப்பாற்றக் கிழவன் கதை கட்டுகிறான் என்று என் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். பார்க்கவில்லை என்று சொல் தம்பி. உன் லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள், தெரிந்தேதான் கேட்கிறேன். சகாயராணி வயிறெரிந்து என்னைத் திட்டினால் அதுவும் நியாயம்தான்.

உன் குடும்பத்துக்காக ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். இதற்குப் பிறகு உனக்கு என்னோடு பேசப் பிடிக்காமல் போனால் நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வருத்தப்படுவேன். என்னை அண்ணே என்று கூப்பிட உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆனாலும் நீ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
சாகுல் ஹமீது