திரையில் ஓடிய கறுப்பு வேர்கள்

அன்புத் தம்பிக்கு,

இன்று என் இதயத்தை நானே பார்த்தேன்டா! ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டு மருந்தைச் செலுத்தியதும், ரத்தக் குழாய்கள் திரையில் கறுப்பு வேர்களாக ஓடின. இடுப்புக்குக் கீழே ஒரே சூடு. பதறிப்போய், "சிஸ்டர், படுக்கையை நனைச்சிட்டேன் போலிருக்கு" என்றேன்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அது மருந்தோட சூடு" என்று நர்ஸ் சிரித்தார்.

ஒரு வேர் மட்டும் நடுவில் நூலாக இளைத்திருந்தது. வியாழக்கிழமை ஸ்டென்ட் வைத்தால் சரியாகிவிடுமாம்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். உன் எண்ணையே எழுதினேன். நாம் பேசாத ஒன்பது வருடத்தில் அது மாறியிருக்குமோ என்றுதான் இந்தக் கடிதம்.

"கூப்பிட்டா தம்பி வருவாரா?" என்று நர்ஸ் கேட்டார்.

"ஓடி வருவான்" என்று சொல்லிவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்று.

உன் அண்ணன்